சாமியை எப்போது கூப்பிடுவது?



கல்லறைத் திருநாள் கழிந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை. உங்கள் முன்னோர் இளைப்பாறும் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்திப்பூப் பரப்பி, மெழுகுதிரி கொளுத்தி வைத்தீர்கள். அன்று சாயந்திரம் நான் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தபோது, சில கல்லறைகளின் அண்டையில் மட்டும் சற்று அதிக நேரம் நின்றேன். அதைக் கண்ட ஒரு சிறுவன், "சாமி, இவர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டான். சொந்தமல்ல. நான் நேரத்துக்குப் போய்ச் சேராத மனிதர்கள் அவர்கள். தூரம் காரணமல்ல, மழையும் காரணமல்ல. கூப்பிட வேண்டிய காலத்தில் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

நவம்பர் மரித்த ஆத்துமாக்களின் மாதம். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக வேண்டிக்கொள்ளும் கடமையைப்பற்றி வருஷந்தோறும் கேட்டிருக்கிறீர்கள். குறைவின்றிச் செய்தும் வருகிறீர்கள். ஆகையால் இந்த வாரம் மரித்தவர்களை விட்டு, இன்னும் மரியாதவர்களைப்பற்றி, உங்கள் வீட்டு உள்ளறைக் கட்டிலிலும் ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் கிடக்கிறவர்களைப்பற்றிப் பேச விரும்புகிறேன்.

நான் முன்னே இருந்த ஒரு பங்கில் நடந்ததைச் சொல்லுகிறேன். யார், எங்கே என்று விசாரிக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஓர் இரவு, பதினொரு மணிக்குமேல் போன் வந்தது. "சாமி, உடனே வாங்க, அப்பாவுக்கு மூச்சு வாங்குது." அர்ச்சிக்கப்பட்ட எண்ணெயையும் தேவநற்கருணையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த மனிதர் இரண்டு மாதமாய்ப் படுக்கையிலிருந்தாராம். புற்றுநோய். வீட்டார் எல்லோருக்கும் தெரியும், அண்டை வீட்டாருக்கும் தெரியும், மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நான் அந்தத் தெரு வழியே மூன்று தடவை நடந்து போயிருக்கிறேன். "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டபோதெல்லாம், "லேசான காய்ச்சல்தான், சாமி" என்று வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் போனபோது அவருக்கு நினைவில்லை. நெற்றியிலும் கைகளிலும் பூசி, அவர் காதோரமாய் மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னேன். நற்கருணையைக் கொண்டுபோனபடியே திரும்பக் கொண்டுவந்தேன். மகள் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு இதெல்லாம் கேட்குமா, சாமி?" என்று அழுதாள். தாயார் சொன்ன வார்த்தை இதுதான்: "உங்களைக் கண்டால் பயந்துவிடுவாரே என்றுதான் கூப்பிடவில்லை."

பிரியமானவர்களே, இந்த வார்த்தையை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். ஞானஸ்நானத்துக்குக் குருவானவர் வேண்டும், கலியாணத்துக்கு வேண்டும், புது வீட்டை மந்திரிக்க வேண்டும். நோயாளியின் அறைக்கு மட்டும் அவர் எமதூதனா? அவர் கொண்டுவருவது யாரை என்று மறந்து போனோமா?

இந்தப் பயத்துக்கு நம் பழைய பெயரும் ஒரு காரணமென்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவஸ்தைப்பூசுதல் என்று சொல்லிப் பழகினோம். அவஸ்தையென்றால் உயிர் பிரிகிற நேரத்து வேதனை என்றே நம் ஜனங்கள் கருதினார்கள். ஆனால் அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தின் 5-ம் அதிகாரத்தில் எழுதியது அப்படியல்ல. உங்களில் ஒருவன் நோயாயிருந்தால் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்றுதான் கற்பிக்கிறார். சாகிறவன் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. அழைக்கிறவனும் நோயாளியே. அப்படியானால் அழைப்பதற்கு அவனுக்கு அறிவும் நாவும் இருக்க வேண்டுமல்லவா?

1551-ம் ஆண்டில் திரிதெந்தின் சங்கமும் இந்தத் தேவதிரவிய அநுமானம் நோயாளிகளுக்கு உரியது, விசேஷமாய்ச் சாவுக்கு அண்டினவர்களுக்கு உரியது என்றுதான் தீர்மானித்தது. அந்த 'விசேஷமாய்' என்ற வார்த்தையை மக்கள் 'மாத்திரமே' என்று ஆக்கிக்கொண்டார்கள். 1963-ம் ஆண்டு 2-ம் வத்திக்கான் சங்கம் இதை நோயில் பூசுதல் என்று சொல்வதே அதிகப் பொருத்தமென்றும், சாகுந்தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதல்லவென்றும் தெளிவாய்ச் சொல்லிற்று. 1972-ல் 6-ம் சின்னப்பர் பாப்பரசர் அதற்கான புதிய முறையை ஏற்படுத்தினார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசுவோம்; இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறோம். பெரிய ஆபரேஷனுக்கு முன் பெற்றுக்கொள்ளலாம். வயது முதிர்ந்து தளர்ந்தவர்கள், பெரு நோய் ஒன்றும் இல்லாவிட்டாலும் பெற்றுக்கொள்ளலாம். சுகமாகி மறுபடி நோயில் விழுந்தால் மறுபடியும் பெறலாம்; அதே நோய் முற்றினாலும் பெறலாம். நினைவு தப்பினவருக்கும், நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்று நம்ப இடமிருந்தால் பூசுகிறோம். உயிர் இருக்கிறதோ இல்லையோ என்ற சந்தேகத்திலும் பூசுகிறோம். ஆனால் நிச்சயமாய் இறந்துபோன உடலுக்குப் பூசுவதில்லை. அங்கே குருவானவர் ஜெபம் மட்டுமே சொல்ல முடியும். காலையில் இறந்தவருக்குப் பத்து மணிக்கு வந்து பூசச் சொல்லி என்னோடு மனஸ்தாபப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

பூசினால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்லுகிறவர்களுக்குக் குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளின் கதையைச் சொல்லுவேன். காசநோயால் வருந்திய அந்தச் சிறுமலர் 1897-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பூசுதலையும் நன்மையையும் பெற்றுக்கொண்டாள். இறந்தது செப்டம்பர் 30-ந் தேதி, 24-ம் வயதில். நடுவே இரண்டு மாதம். ஆகஸ்டு 19-ந் தேதிக்குப்பின் வியாதியின் கொடுமையால் அவளால் நன்மை உட்கொள்ளவே முடியவில்லை. கடைசி நாள்வரை பொறுக்கலாம் என்று அந்த மடத்தார் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி, சொந்த விஷயம் ஒன்று. இதைப் பிரசங்கத் தொட்டியில் நின்று நான் சொன்னதில்லை.

என் தகப்பனாரும் என் சித்தப்பாவும் பனந்தோப்பு எல்லைத் தகராறில் பேச்சை விட்டவர்கள். பதினான்கு வருஷம் ஒரே கோவிலில், ஒரே பூசையில், ஆளுக்கொரு பக்கமாய் முழந்தாளிட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் குருப்பட்டம் பெற்று ஆறு வருஷம். டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, ஒரு வாரம் தாங்குவது கஷ்டம் என்றார். உள்ளே வந்தேன். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று அப்பா கேட்டார். "ஒன்றுமில்லை அப்பா, அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தம்பியைப் பார்க்க வேணும்போல இருக்கு" என்றார். நானோ, "குணமாகட்டும் அப்பா, நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நினைவு போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் உயிர் பிரிந்தது. எத்தனையோ நோயாளிகளுக்குப் பூசிய கை, பெற்ற தகப்பனுக்கு, அவர் அறியாத நேரத்தில் பூசியது.

சித்தப்பா அடக்கத்துக்கு வந்தார். கோவிலுக்குள் வராமல் வேப்பமரத்தடியில் நின்றார். எல்லோரும் போனபின் என்னிடம் வந்து, "அண்ணன் என்னைக் கேட்டாரா?" என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்பினால் சொன்ன பொய் என்று நானும் வெகு காலம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். யாருடைய அன்பு? அப்பா கலங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். அவருக்கோ விஷயம் தெரிந்திருந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் அறிந்தே இருக்கிறார்கள். வீட்டார் மனம் நோகக்கூடாதென்று அவர்கள் நடிக்கிறார்கள். அவர்கள் மனம் நோகக்கூடாதென்று வீட்டார் நடிக்கிறார்கள். பேச வேண்டியவை எல்லாம் பேசப்படாமல் குழிக்குள் போகின்றன.

12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1957-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதைத் தொட்டுப் பேசினார். வேதனை தணிக்க மருந்து கொடுக்கலாம். சாவை விரும்பாமல் வலியைத் தணிப்பதற்காகவே கொடுக்கும்போது, ஆயுள் சற்றுக் குறைய ஏதுவானாலும் கொடுக்கலாம் என்றார். ஆனால் தக்க காரணமின்றி சாகிறவனுடைய அறிவை மயக்கிவிடக்கூடாது. தன் குடும்பத்துக்கும் மனச்சாட்சிக்கும் செய்ய வேண்டிய கடமை அவனுக்கு மிச்சமிருந்தால் அதை முடிக்க இடங்கொடுக்க வேண்டும் என்றும் கற்பித்தார். அதே வருஷம் நவம்பர் 24-ந் தேதி, சாதாரண வைத்தியம் செய்துகொள்வது கடமை, தாங்க முடியாத பாரமாகும் அசாதாரண உபாயங்களைக் கையாளக் கட்டாயமில்லை என்றார். ஆகவே, பிழைக்க வழியில்லையென்று டாக்டர்கள் சொன்னபின், ஊரார் பழிக்குப் பயந்து வீட்டை விற்றுத் தீவிர சிகிச்சை அறையில் குழாய்களுக்கு நடுவே ஒருவரை நாட்கணக்காய்க் கிடத்த வேண்டிய கடன் உங்களுக்கில்லை. உயிரைப் பறிக்க நமக்கு அதிகாரமில்லை. சர்வேசுரன் அழைக்கும்போது பிடித்து இழுக்கவும் கட்டளையில்லை.

எப்படிச் சொல்லுவது என்று கேட்பீர்கள். திடீரென்று போட்டு உடைக்க வேண்டாம். அவர் கேட்கும்போது பொய் சொல்லாதிருந்தாலே பாதி காரியம் முடிந்தது. "டாக்டர் கஷ்டம் என்கிறார் அப்பா; நாங்கள் கூடவே இருக்கிறோம். சாமியைக் கூட்டி வரட்டுமா? யாரையாவது பார்க்க வேணுமா?" இவ்வளவு போதும். அழுகை வந்தால் அழுங்கள். பெத்தானியாவில் இலாசர் கல்லறையண்டை நம் ஆண்டவரே அழுதார். அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது, நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாமென்றாரேயொழிய, துக்கிக்கவே வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த மார்த்தம்மாளும் மரியம்மாளும் செய்ததையும் கவனியுங்கள். தம்பி நோயாய்க் கிடந்தபோதே சேசுநாதருக்கு ஆள் அனுப்பினார்கள், செத்தபிறகல்ல.

என் மனதுக்கு ஆறுதல் தரும் ஒரு கிழவியைப்பற்றியும் சொல்ல வேண்டும். மீன்கூடை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கினவள். நடக்க முடியாமற்போனபின் மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை அவளுக்கு வீட்டுக்கே நன்மை கொண்டுபோவேன். சிறு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தக் கிண்ணம், எல்லாம் எனக்குமுன் தயாராயிருக்கும். காலையில் கஞ்சி குடிக்காமல் மயங்கிக் கிடப்பாள். நள்ளிரவு முதல் தண்ணீரும் தொடாத பழைய காலத்து ஒருசந்தி வழக்கம் அது. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அவர்களைக் கவனிப்போருக்கும் இப்போது அந்த ஒரு மணி நேரக் கட்டளைகூட இல்லையென்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது, அவள் கேட்கவில்லை.

ஒருநாள் அவளிடம் சொன்னேன்: "பாட்டி, மரண நேரத்தில் உட்கொள்ளும் நன்மைக்கு லத்தீனில் வியாத்திக்கும் என்று பெயர். வழிக்குக் கொண்டுபோகிற சாப்பாடு என்று அர்த்தம்." அவள் பொக்கை வாயால் சிரித்து, "கட்டுச்சோறுன்னு சொல்லுங்க சாமி" என்றாள். நான் வேதசாஸ்திரம் படித்த வருஷங்களில் இவ்வளவு சரியாய் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு நான் போகும்போதெல்லாம், "இன்னிக்கு வெறும் பலகாரந்தானே சாமி? கட்டுச்சோறு கட்டற அன்னிக்குச் சொல்லிடுங்க" என்பாள். சொன்னேன். பாவசங்கீர்த்தனம் செய்தாள், பூசுதல் பெற்றாள், கடைசியாய் நன்மை உட்கொண்டாள். பூசுதலை முன்னே கொடுத்து நன்மையைக் கடைசியில் கொடுப்பதே இப்போதைய முறை. அதன்பின் தலையணைக்கடியிலிருந்து முடிச்சு ஒன்றை எடுத்து, மருமகளிடம் கொடுத்து, எதிர்வீட்டுக்காரிக்குப் பாக்கியிருந்த சீட்டுப் பணம் அதில் இருப்பதாய்ச் சொன்னாள். மறுநாளும் இருந்தாள், அதற்கு மறுநாளும் இருந்தாள். "வண்டி வரலியே சாமி" என்று என்னைக் கேலி செய்தாள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் போனாள்.

அவளுக்குச் சாவைப்பற்றிப் பயமில்லையென்று நான் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், கை நடுங்கிற்று. ஆனால் அவளுடைய கணக்கில் பாக்கியில்லை. அது அந்த ஒன்பது நாளில் தீர்த்த கணக்குமல்ல. கைமாற்று வாங்கினால் சனிக்கிழமைக்குள் கொடுப்பாள். சண்டை போட்டால் பூசைக்குமுன் சமாதானமாவாள். நாமோ ஜெபமாலை சொல்லுகையில் ஒருதரத்துக்கு 53 அருள்நிறை மந்திரம் சொல்லுகிறோம். ஒவ்வொன்றிலும் தேவமாதாவிடம் இரண்டு நேரங்களுக்காக மன்றாடுகிறோம், இந்த நேரத்துக்காகவும் மரண நேரத்துக்காகவும். இரண்டாவது நேரத்தைப்பற்றி அவ்வளவு கவலைப்படுகிற நாம் முதலாவதில் என்ன செய்கிறோம்? பாகப்பத்திரம் எழுதாமல் தள்ளிப்போடுகிறோம். தமையனிடம் பேச வேண்டியதை அடுத்த திருநாளுக்கு ஒத்திவைக்கிறோம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று நம்புகிற கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள்! என் அப்பாவும் சித்தப்பாவும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதினான்கு வருஷம் ஞாயிறு தவறாமல் பத்தடி தூரத்தில் இருந்தார்கள்.

குருவானவர் வரவே முடியாத மரணமும் உண்டு. ரோட்டில் விபத்து, கடலில் புயல். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் முன்னோர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அர்ச். சவேரியார், 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி சீனக் கரையோரத்துச் சான்சியன் தீவில், 46-ம் வயதில் இறந்தபோது, அருகே ஒரு குருவும் இல்லை. அந்தோணி என்ற சீன வாலிபன் ஒருவனே துணை. கொள்ளை நோயின்போது, 2020-ல், உங்களில் சிலருடைய பெற்றோர் அப்படித்தான் போனார்கள்; நீங்களும் உள்ளே போக முடியவில்லை, நானும் போக முடியவில்லை. அந்த மார்ச்சு மாதத்திலேயே திருச்சபை அந்நோயாளிகளுக்கும், சாகுந்தறுவாயில் இருந்தோருக்கும் பரிபூரண பலன் அளித்தது. பூசுதல் கிடையாதவர்களைத் தேவ இரக்கத்துக்குக் கையளித்து ஜெபித்தது. சர்வேசுரன்மேலுள்ள அன்பினால் பாவத்துக்காக வருந்தும் உத்தம மனஸ்தாபம், கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்யும் தீர்மானத்தோடு இருக்குமானால், சாவான பாவத்தையும் போக்கும் என்பது நம் வேதபாடம். ஆகையால் அவர்களைக் குறித்து நம்பிக்கை இழக்காதீர்கள். படுக்கைக்குப் போகுமுன் பிள்ளைகளோடு சேர்ந்து மனஸ்தாப மந்திரம் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். வர முடியாத இடத்துக்கு நான் வராததற்குச் சர்வேசுரனிடத்தில் பதில் உண்டு. தெரு வழியே மூன்று தடவை நடந்தும் உள்ளே அழைக்கப்படாததற்கு என்ன பதில்?

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில்பிள்ளை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கிறவர்கள், எழுபதைத் தாண்டித் தளர்ந்தவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், இவர்களின் பெயரையும் தெருவையும் எழுதுங்கள். 'லேசான காய்ச்சல்' ஆனாலும் எழுதுங்கள். திங்கள் முதல் ஒவ்வொரு தெருவாய் வருகிறேன். நோயாளி கேட்டால், ஊரில் எல்லோர் வீட்டுக்கும் சாமி வருகிறார் என்று சொல்லிவிடுங்கள், அது பொய்யல்ல. பாவசங்கீர்த்தனத்துக்காக அறையைவிட்டுச் சற்று வெளியே இருங்கள்; பூசுதலுக்கும் நன்மைக்கும் உள்ளே வந்து சேர்ந்து ஜெபியுங்கள், சிறு பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். இரவில் அவசரமானால் எந்நேரமும் கதவைத் தட்டலாம், நாய் கட்டித்தான் கிடக்கும். ஆனாலும் பகலில் கூப்பிட்டால், அவரும் நானும் கொஞ்சம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் பங்குக் குரு